அமாவாசையன்று திருப்பிவிட்ட தண்ணீர்

அறுபதுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மாதம். அப்போது நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை, முப்பத்து நான்கு வயது. தெருவில் அறுபத்திரண்டு வீடுகள். நாற்பத்தொன்றில் தறி ஓடியது. எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. அந்த வியாதி அப்போதே இருந்தது.

எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு ஓட்டுக் கூரைகளின் தண்ணீரும் அந்தச் சுவர்மேல் இருந்த தகரக் கால்வாயில் விழுந்து, பின்பக்கம் ஓடி, என் கொல்லையில் கொட்டும். பக்கத்து வீட்டில் ஒரு நெசவாளரும் அவர் மனைவியும். அவர் தரையில் தோண்டிய குழியில் காலை இறக்கி உட்கார்ந்து பட்டு நெய்வார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். அமாவாசையன்று மட்டும் தறியைத் தொட மாட்டார்கள். அந்தத் தெருவில் யாருமே தொட மாட்டார்கள்.

அந்த அமாவாசைக்கு முன்பே மூன்று நாளாக மழை. அன்று நெசவாளர் மனைவியின் இறந்துபோன அப்பாவுக்குப் படையல் வைக்க, இருவரும் காலையிலேயே அவர் ஊரான முசரவாக்கம் கிளம்பினார்கள். நான் வாசலில் நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா சார், துளிய எண்ணிக்கினு இருக்கிறீங்களா? நாளிக்கி வந்து கேப்பேன், கணக்கு தப்பாம சொல்லணும்” என்றார் அவர்.

“நீ சும்மா வா. அவுரே ஊடு ஒழுகுதேன்னு நிக்கிறாரு” என்று மனைவி அவரை இழுத்துக்கொண்டு போனார்.

பத்து மணிக்கு மேல் மழை வலுத்தது. என் மனைவி ஒழுகிய இடங்களில் ஏழு பாத்திரங்கள் வைத்தாள். ஒழுகல் பெரிய தொல்லையில்லை. கால்வாயிலிருந்து கொட்டிய தண்ணீர் பின்னறைச் சுவரின் அடியை அடித்து அடித்து, மண் சுவர் ஊறி உப்பிவிட்டது. உள்பக்கம் கை வைத்தால் விரல் பதிந்தது. அந்த அறையில்தான் என் டிரங்குப் பெட்டியும், திருத்த வேண்டிய நூற்று இருபத்தாறு விடைத்தாள்களும், மூன்று மூட்டை அரிசியும் இருந்தன. சுவர் விழுந்தால் கூரையும் விழும்.

ஏணி வைத்து ஏறி, களிமண்ணையும் இரண்டு உடைந்த ஓடுகளையும் வைத்துக் கால்வாயின் வாயை அடைத்தேன். தண்ணீர் ஒரு நிமிஷம் தேங்கி நின்று, பிறகு அந்தப் பக்கமாக அவர்கள் கொல்லையில் விழ ஆரம்பித்தது. யோசிக்காமல் செய்யவில்லை. இன்று அமாவாசை, தறி ஓடாது, குழியில் யாரும் உட்கார மாட்டார்கள், மண் தரை தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் என்றுதான் கணக்குப் போட்டேன்.

“அந்தத் தண்ணி எங்க போகுது?” என்று மனைவி கேட்டாள்.

“மண்ணுக்குத்தான்” என்றேன். காபி குடித்துவிட்டு முப்பத்தெட்டு விடைத்தாள்களைத் திருத்தினேன். கால்வாய் அடைத்தது அடைத்தபடியே இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். ஊரிலிருந்து திரும்பிய நெசவாளர் என் வாசலில் வந்து நின்றார். “சார், பக்கெட் இருந்தா குடுங்க. குழி ரொம்பிப் போச்சி” என்றார்.

பக்கெட்டோடு நானும் போனேன். கொல்லைத் தண்ணீர் பின்வாசல் படியைத் தாண்டி உள்ளே வந்து, தறிக் குழி நிறைந்து, தரைக்கு மேல் சாணளவு நின்றது. மேலிருந்து ஒழுகினால் படக்கூடாது என்று தறிமேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டுத்தான் போயிருந்தார்கள். வேட்டி காய்ந்தே இருந்தது. ஆனால் நெய்த புடவை, நெய்கிறவரின் வயிற்றுக்கு நேராகக் குழியின் மேலிருக்கும் கட்டையில் சுற்றியிருக்கும். அந்தக் கட்டை முழுகிக் கிடந்தது. தறி ஓடாத நாளில் தறியில் ஒன்றும் இல்லை என்று நினைத்தவன் நான்.

இருவரும் இறைத்தோம். அறுபது பக்கெட் இறைத்தும் ஒரு விரற்கடை இறங்கவில்லை. மழை விடாமல் தூறியது. பின்வாசலில் இன்னும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

“எங்கேருந்து வருதுன்னே தெர்லியே. எந்த மழைக்கும் இந்தப் பக்கம் வந்தது இல்லியே” என்றார் அவர் மனைவி.

பக்கெட்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் ஏணியில் ஏறிக் களிமண்ணைப் பிடுங்கினேன். தண்ணீர் என் பக்கம் திரும்பியது. குனிந்து பார்த்தால், அவர் தன் கொல்லையில் நனைந்தபடி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் இரண்டு கையிலும் மண்.

“நேத்தே எடுத்துருக்கலாம் சார்” என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

குழி வற்றிய பிறகு கட்டையிலிருந்து புடவையைப் பிரித்தார்கள். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. அரக்குச் சாயம் இறங்கி உடலில் பரவியிருந்தது. கட்டையில் பதினொரு சுற்று; பதினொரு கறை. அவர் மனைவி முந்தானையால் ஒன்றை ஒற்றிப் பார்த்துவிட்டு, மற்றவற்றைத் தொடவில்லை.

பிற்பகல், பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்ய வைக்கும் முதலாளி ஓர் ஆளோடு வந்தார். “ஊட்ட பூட்டிக்கினு நீ ஊருக்குப் போய்ட்டா தறிய யாருப்பா பாக்குறது?” என்று கேட்டார்.

நான் வாசற்படியில், நான்கடி தள்ளி நின்றேன். நெசவாளர் ஒருமுறை என்னைப் பார்த்தார். சொல்லிவிடப் போகிறார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு புடவைக்குத் தறியில் நீளவாக்கில் பூட்டியிருந்த பட்டு நூலை, அந்தப் பாவு முழுவதையும், கத்தரியால் அறுத்துச் சுருட்டி, அந்த ஆள் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

பன்னிரண்டாம் நாள் முதலாளி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். “அன்னிக்கே சொல்லியிருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன் வாத்தியாரே. அந்தப் பாவு இப்ப வேற தறியில ஏறிடுச்சி” என்றார். அதற்குள், தறியைப் பார்த்துக்கொள்ளாதவர் என்ற பேச்சு மற்ற முதலாளிகளிடமும் போய்விட்டிருந்தது. யாரும் அவருக்குப் பாவு கொடுக்கவில்லை. தை பிறந்து நாலாம் நாள் இருவரும் வீட்டைக் காலி செய்துகொண்டு முசரவாக்கத்துக்குக் கழனி வேலைக்குப் போனார்கள். என் வாசலைத் தாண்டும்போது அவர் “வர்றேன் சார்” என்றார். மனைவி என் பக்கம் திரும்பவில்லை.

என் விடைத்தாள்களில் ஒன்றுகூட நனையவில்லை. சுவரும் விழவில்லை. அதன் பிறகு நான்கு வீடுகள் மாறிவிட்டேன். தண்ணீரைத் திருப்பியது தெரியாமல் செய்தது என்று எப்படியோ சொல்லிக்கொள்ள முடிகிறது. முதலாளி கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றது தெரிந்தே செய்தது, அதற்கு இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.