எசேக்கியா ராஜாவின் பயம்

அந்தத் திங்கட்கிழமை நான் காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி இரண்டு கோடு விழுந்த சோதனை அட்டையைக் கொண்டுவந்து என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் அதைப் பார்த்தேன். பிறகு கேஸ் மூடியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். பிறகு பைக் சாவியைத் தேடினேன். ஆறு வருஷம் பிள்ளைக்காகக் காத்திருந்த ஒருத்தியின் புருஷன் அந்த நேரத்தில் என்னவெல்லாம் செய்யக்கூடாதோ அதையெல்லாம் வரிசையாகச் செய்து முடித்தேன்.

நானும் அவளும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்துக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். சர்ச்சில் நாலு பேர் முன்னால் என்னை 'நீங்க' என்பாள். வீட்டுக்குள் 'நீ'தான். அன்று கதவருகில் நின்றுகொண்டு அமைதியாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன். இந்தப் புள்ள உனக்கு வேணுமா வேணாமான்னு என் மூஞ்சப் பாத்துச் சொல்லு. சொல்லலன்னா நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடறேன். புள்ளய நான் பெத்துக்குவேன், அதுல பேச்சே இல்ல."

அவள் அம்மா வீடு குன்றத்தூரில். படப்பையில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டிலிருந்து ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் அவள் ஒரு முறை போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

ஆறு வருஷமாக நான் 'அடுத்த வருஷம்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன். சர்ச்சில் பெண்கள் அவளிடம்தான் 'ஏதாவது விசேஷம் உண்டா' என்று கேட்பார்கள். ஜெப நேரத்தில் அவளை முன்னால் கூப்பிட்டுத் தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்திருக்கிறார்கள். தள்ளிப்போடுகிறவன் நான்தான் என்று அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்போதெல்லாம் நான் ஆண்கள் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

காரணத்தை அவளிடம் நான் சொன்னதில்லை. என் அப்பா சனிக்கிழமை குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சில் முதல் பாட்டை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். நல்ல குரல். எனக்குப் பத்தொன்பது வயதில் அவர் ஈரல் கெட்டுச் செத்தார். அவரைப்போல் ஆகமாட்டேன் என்று தைரியமாகத்தான் இருந்தேன். கல்யாணமான மறு வருஷம் ஒரு நாள், சாம்பாரில் உப்பு இல்லை என்ற உலகமகா பிரச்சினைக்கு, சாப்பாட்டுத் தட்டை எடுத்துச் சுவரில் எறிந்தேன். அவள்மேல் படவில்லை. ஆனால் என் கை போன விதம், அந்தத் தட்டு சுழன்ற விதம், எல்லாம் அப்பாவுடையது. நானே சுவரைத் துடைத்தேன். அன்றைக்கே பிள்ளை வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டேன்.

இதில் என் வேலைக்கும் பங்கு உண்டு. ஒரகடத்தில் வண்டி உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். ஒரு தொகுப்பில் ஒரே ஒரு பாகத்தில் விரிசல் தெரிந்தால் போதும், அதே அச்சில், அதே நாளில் வந்த அத்தனையையும் நிறுத்தி வைப்போம். அதற்கு 'லாட் ஹோல்ட்' என்று பெயர். நல்லது எது கெட்டது எது என்று தெரியும்வரை ஒன்றுகூட வெளியே போகக்கூடாது. எனக்கு அது உடம்பிலேயே ஊறிப்போனது. அப்பாவில் ஒரு விரிசல், என்னில் அதே இடத்தில் ஒரு கோடு. அதற்குப் பின்னால் வருவதை நிறுத்தி வைப்பதுதான் பொறுப்பான காரியம் என்று மனதார நம்பினேன். ஊரில் வேறு எந்த வேலைக்காரனும் இப்படி யோசித்திருக்க மாட்டான்.

சர்ச்சிலும் இதே புத்திதான். நான் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவன். அந்த மாதப் பாடம் இஸ்ரவேல், யூதா ராஜாக்கள். பெரிய அட்டையில் ராஜாக்களின் பெயரை வரிசையாக எழுதி, கம்பெனியில் பாகங்களுக்கு ஒட்டும் வட்ட ஸ்டிக்கரைக் கொண்டுபோய் ஒட்டியிருந்தேன். செம்மையானதைச் செய்தவனுக்குப் பச்சை, பொல்லாப்பானதைச் செய்தவனுக்குச் சிவப்பு. பச்சை வாங்கியவர்கள் கைவிரலுக்குள் அடங்கிவிட்டார்கள். மனாசேக்கு மட்டும் இரண்டு சிவப்பு ஒட்டியிருந்தேன்.

அந்த வாரம்தான் இஸ்ரேலிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். கேமராவால் விரிசல் பார்க்கும் புது இயந்திரத்தை நிறுவித்தர வந்தவர். ஐம்பதைத் தாண்டிய யூதர், உச்சந்தலையில் சின்னக் குல்லா. மத விதிப்படி கேன்டீனில் எதையும் தொடமாட்டார். வாழைப்பழமும் ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டலமும்தான் சாப்பாடு. என் ஓட்டை இங்கிலீஷை நம்பி, தினமும் கம்பெனி டிரைவரோடு போய் அவரை ஸ்ரீபெரும்புதூர் ஹோட்டலிலிருந்து காரில் கூட்டிவந்து திரும்பக் கொண்டுவிடும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காரில் பேச ஒன்றும் கிடைக்காமல், போனில் இருந்த என் ராஜாக்கள் அட்டையின் படத்தைக் காட்டினேன். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒவ்வொரு பெயராக என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தாவீதுக்குப் பச்சை என்றதும், தாங்கள் இன்றைக்கும் தினசரி ஜெபத்தில் அந்த வம்சம் திரும்ப வரவேண்டும் என்று கேட்பதாகச் சொன்னார். அவர் பேச்சில் அந்த ராஜாக்கள் பக்கத்துத் தெருவில் குடியிருந்து காலிசெய்துகொண்டு போனவர்கள் மாதிரி இருந்தார்கள்.

ராஜா ஆனவன் வேதச் சட்டமான நியாயப்பிரமாணத்தைத் தனக்கென்று ஒரு பிரதி எழுதி, சிங்காசனத்தில் இருந்தாலும் சண்டைக்குப் போனாலும் கூடவே வைத்திருக்க வேண்டுமாம். எங்கள் மேனேஜர்கள் வேலைக்குறிப்புத் தாளைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை என்றேன். மறுநாள் பிரஸ் பகுதியில் காது கிழியும் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, சாலொமோன் கட்டிய ஆலயத்தில் இரும்புக் கருவியின் சத்தமே கேட்கவில்லை என்ற சங்கதியைச் சொன்னார். கல்லைப் பிளக்க ஒரு சின்னப் புழு இருந்தது என்பது அவர்களுடைய பழைய பெரியவர்களின் கதை. இரும்பு மனிதனின் ஆயுளைக் குறைக்கும், பலிபீடம் ஆயுளைக் கூட்டும், அதனால் ஒன்று மற்றொன்றைத் தொடக்கூடாது என்பார்களாம். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மனசு முழுக்க ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. வீட்டில் அவள் எனக்குச் சோறு போட்டாள், துணி மடித்தாள், என்னிடம் பேசவில்லை. நான் தினம் மூன்று முறை கேஸைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை திரும்பும்போது ஒரகடம் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். கார் நகரவே இல்லை. அவராகவே எசேக்கியாவைப் பற்றி ஆரம்பித்தார். அவருக்குப் பிடித்த ராஜா அவர்தானாம். எதிரி முற்றுகை போட வருகிறான் என்றதும் ஊற்றுத் தண்ணீரைப் பாறைக்குள்ளேயே ஊருக்குள் கொண்டுவந்த ராஜா. இரண்டு பக்கமிருந்தும் குடைந்துகொண்டே வந்து நடுவில் சந்தித்துக்கொண்டார்களாம். தன் மகள்களைக் கூட்டிக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் அந்தச் சுரங்கத்தில் நடந்திருப்பதாகச் சொன்னார். அந்த ராஜா காலத்தில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தேடினாலும் வேதம் தெரியாத ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது என்று அவர்களுடைய பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

"அவருடைய அப்பா ஆகாசுக்கு நான் சிவப்பு ஒட்டியிருக்கிறேன்" என்றேன்.

எசேக்கியாவும் அப்படித்தான் ஒட்டினார் என்றார். அப்பா செத்தபோது ராஜ மரியாதை செய்யாமல், எலும்புகளைக் கயிற்றுப் பாடையில் போட்டு இழுத்துக்கொண்டு போனாராம். பெரியவர்கள் அதைச் சரியென்றே ஏற்றுக்கொண்டார்களாம். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் அப்பாவின் சவப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கும் அப்படி ஒரு எண்ணம் வந்தது.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. எசேக்கியா வியாதிப்பட்டுப் படுத்ததும், தீர்க்கதரிசி ஏசாயா வந்து நீ பிழைக்கமாட்டாய் என்று சொன்னதும், ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுததும் எனக்குத் தெரியும். ஏன் வியாதி வந்தது என்று எங்கள் பாடத்தில் இல்லை. அவர்களிடம் இருக்கிறது. ராஜா பிள்ளை பெற்றுக்கொள்ளாமல் இருந்தார், அதுதான் குற்றம். ஏன் என்று ஏசாயா கேட்டதற்கு, என்னிடமிருந்து கெட்ட பிள்ளை வரப்போகிறது என்று எனக்குக் காட்டப்பட்டது, அதனால்தான் என்றாராம் ராஜா. கர்த்தருடைய ரகசியத்தில் உனக்கென்ன வேலை, உனக்கு இட்டதை நீ செய் என்று தீர்க்கதரிசி கடிந்துகொண்டாராம். அப்புறம் ராஜா பிழைத்தெழ, தீர்க்கதரிசி தன் சொந்த மகளையே அவருக்குக் கட்டிக்கொடுத்தாராம்.

காரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. மூவாயிரம் வருஷம் ஆகப்போகிற ஒரு ராஜா என் வீட்டுக்குள் வந்து என் முடிவைப் படித்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

பிறந்தவன் மனாசே. அது எனக்குத் தெரியும். இரண்டு சிவப்பு ஒட்டியவனே நான்தானே. மனாசே ராஜாவானதும் அந்தத் தீர்க்கதரிசியையே கொன்றான், அதாவது தன் அம்மாவின் அப்பாவையே கொன்றான் என்று அவர்கள் கதையில் இன்னும் மோசமாக இருந்தது.

"அப்படியென்றால் எசேக்கியா பயந்தது சரிதானே?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

அவர் சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "சரிதான். அவர் கண்டது பொய்யில்லை" என்றார். "ஆனாலும் பெற்றுக்கொள் என்றுதான் சொன்னார்கள்."

எனக்குக் கோபம் வந்தது. சிறைபட்டுப்போன மனாசே மனம் திரும்பினான் என்றும், அவனுக்கு மறுமையில் பங்கில்லை என்று சொல்கிறவன், மனம் திரும்ப நினைக்கிற எல்லார் கையையும் தளரவைக்கிறான் என்று ஒரு பெரியவர் வாதாடியதாகவும், அந்த மனாசேயின் பேரன்தான் யோசியா என்றும் அவர் சொல்லிக்கொண்டே போனார். யோசியாவுக்கு நான் பச்சை ஒட்டியிருந்தேன். எசேக்கியா தன் முடிவிலேயே நின்றிருந்தால் யோசியாவும் இல்லை. ஆனால் அந்த நடுவில் செத்தவர்கள்? அந்தத் தாத்தா? எனக்கு இந்தக் கணக்கு நேராகவில்லை, இன்றுவரை ஆகவில்லை.

லாரிகள் நகர்ந்தன. உனக்குப் பிள்ளைகள் உண்டா என்று சாதாரணமாகக் கேட்டார்.

"வரப்போகிறது" என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. மனைவியிடம்கூடச் சொல்லாததை முன்பின் தெரியாத மனிதரிடம் சொல்லிவிட்டேன். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கி, தன் மொழியில் ஏதோ வாழ்த்தினார்.

வெள்ளிக்கிழமை மதியமே வேலையை முடித்துக்கொண்டார். சாயங்காலம் ஓய்வுநாள் தொடங்குவதற்குள் ஹோட்டலுக்குப் போயாக வேண்டும் அவருக்கு. வெள்ளி போய்ச் சனியும் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு முறை சமையலறை வாசல்வரை போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். எசேக்கியாவைக் கடிந்துகொள்ள ஒரு தீர்க்கதரிசி வீடு தேடி வந்தார். எனக்கு அந்த வசதி இல்லை.

ஞாயிறு அவள் சர்ச்சுக்கு வரவில்லை. நான் பிள்ளைகளைப் பாட்டுப் பாடவைத்து, ராஜாக்கள் அட்டையைப் பிரிக்காமலே பாடத்தை முடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து ஓடிவந்தேன். பைக்கில் போனதே மறந்துவிட்டது. கட்டில்மேல் பை தயாராக இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், புடவை மாற்றியிருந்தாள்.

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவை, தட்டை, லாட் ஹோல்டை. ராஜாக்களையும் சொன்னேன், ஏன் என்று தெரியவில்லை. மனாசே கெட்டவனாகத்தான் போனான் என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வேணும். ஆனா பயமா கீது" என்றேன்.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ தட்டத் தூக்கி அடிச்சப்ப எனக்கும் பயமாத்தான் இருந்திச்சி" என்றாள். "நீ கேக்கவே இல்ல. செவுத்தத்தான் தொடச்சிகினு இருந்த."

அது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷமும் பயப்படுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு சத்தியம் கித்தியம்லாம் வேணாம். ஒரே ஒரு வாட்டி கை ஓங்கினாலும் புள்ளயத் தூக்கிகினு போயிடுவேன். சண்ட போட மாட்டேன், சொல்லிகினுகூட இருக்க மாட்டேன். இதுக்கு ஒத்துக்கறதா இருந்தா இருக்கறேன்."

ஒத்துக்கொண்டேன். யாரும் என்னிடம் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. எந்த ஜெபத்திலும் கிடைக்காத நிம்மதி அதில் எனக்குக் கிடைத்தது. என் அப்பாவிடம் அவர் வாழ்நாளில் ஒருவரும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது மகளுக்கு எட்டு மாதம். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ராத்திரி பகல் என்று பார்க்காமல் வீறிட்டு அழுகிற பிள்ளை. அவள் அழுதால் முதலில் என் கைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்குகிறேன்.