மண்பெட்டி வரிசை ஆடிய பந்தாட்டம்

கல்லூரியில் கடைசி வருடம் என் வலது முழங்கால் திருகிக்கொண்டது. அதற்குப் பிறகு நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், பந்தாட முடியாது. அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் எனக்கு கிளார்க் வேலை கிடைத்தது. கல்லூரி அணியில் ஆடியவன் என்று மனுவில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை மேனேஜர் மறக்கவில்லை.

அவருக்குப் பந்தாட்டத்தின் மேல் ஆசை இருந்தது என்று இதற்குப் பொருளில்லை. தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. வேலை முடிந்ததும் சூளை ஆட்கள் அங்கே பந்து உதைப்பார்கள். அந்த இடத்தில் மண்பெட்டிகளை அடுக்க வேண்டும் என்று மேனேஜர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜாடிகளையும் கோப்பைகளையும் உள்ளே வைத்துச் சூளையில் சுடுவதற்கான கனமான பெட்டிகள் அவை.

"பொங்கலுக்குப் பெண்ணாடத்துல டோர்னமென்ட் நடக்குது. கப்பு கொண்டாந்தா கிரவுண்டு இவங்களுக்கு. இல்லன்னா பெட்டி அடுக்கிடுவேன். நீதான் ஆடுனவனாச்சே, பழக்கு" என்றார்.

பழக்கினேன். பந்து எந்தப் பக்கம் போனாலும் அத்தனை பேரும் அந்தப் பக்கம் போனார்கள். கோலைக் காக்க வேண்டிய கோலியும் சில நாட்கள் போனார். மைதானத்தின் மற்ற பகுதி காலியாகக் கிடக்கும். இடது பக்கம் ஆள் இல்லை, அங்கே தட்டு, அங்கே தட்டு என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துவேன். சூளைக்குக் கரி போடுகிறவர், எங்கள் அணியில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற மூத்த பேக், மூச்சு வாங்கியபடி என்னிடம் வந்தார்.

"சார், தொண்ட போயிடப் போவுது. டீ சொல்லட்டுமா?"

"டீ வேணாம்ண்ணே. ஒங்க எடத்துல நில்லுங்க, அது போதும்."

"நின்னுக்கிட்டே இருந்தா அது எப்பிடி சார் ஆட்டம்? ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரில்ல இருக்குது!"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடுகிற காலத்தில் ஒருவர் பிசகினால் நானே ஓடிப்போய் அந்த இடத்தை அடைத்துவிடுவேன். இப்போது பந்து அடுத்து எங்கே போகப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்தது. தெரிந்து ஒரு பயனும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது தொண்டையைவிட முழங்கால்தான் அதிகம் வலித்தது. ஓடாமலே வலித்தது.

ஒரு நாள் ஆபீஸ் ஜன்னல் வழியாக அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தேன். முற்றத்திலிருந்து சூளை வாசல் வரை வரிசையாக நின்று, மண்பெட்டிகளைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். யாருடைய காலும் இடம் மாறவில்லை. பெட்டி வரும்போது நகர்ந்தால் அது யாராவது ஒருவர் பாதத்தில் விழும். நகர்ந்தவரைக் கரிக்காரர் வாயில் வந்தபடி ஏசுவார். மைதானத்தில் எனக்குக் கிடைக்காத ஒழுங்கு அத்தனையும் அங்கே இருந்தது.

அன்று மாலை சொன்னேன்: "பெட்டி மாத்துற மாதிரி நில்லுங்க. அவங்கவங்க எடம் அவங்கவங்களுக்கு. நவுரக் கூடாது."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன சார்?" என்றார் கரிக்காரர்.

அன்றிலிருந்து பந்து ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குச் சத்தமில்லாமல் போனது. பெண்ணாடத்தில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எதிரணி உள்ளூர்க்காரர்கள். கரும்பு டிராக்டர்களின் மேல் ஏறி நின்று ஊரே பார்த்தது. கோல் எதுவும் விழாமல் ஆட்டம் முடிவை நெருங்கியபோது, அவர்களில் ஒருவர் கால் தவறி உதைத்த பந்து எங்கள் கோலை நோக்கி மெதுவாக உருண்டு வந்தது. வேகமே இல்லாத பந்து. கரிக்காரருக்கும் இன்னொரு பேக்குக்கும் நடுவில் வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் நகரவில்லை. கோலியும் தன் இடத்தில் நிமிர்ந்து நின்றிருந்தார். எதிரணிப் பையன் ஒருவன் ஓடிவந்து அதைத் தட்டி உள்ளே விட்டான். கோட்டுக்கு வெளியே என் வலது கால் காற்றை உதைத்தது.

"யோவ், பீங்கா பொம்மைங்களா! நவுந்தா ஒடஞ்சிடுவீங்களா?" என்று டிராக்டர் மேலிருந்து ஒரு குரல். கூட்டம் முழுக்கச் சிரித்தது.

விசில் ஊதியதும் கரிக்காரரிடம் போனேன். "ஏண்ணே, ரெண்டடி தள்ளிப் போயி எடுத்திருக்கலாமே?"

"அது அவன் எடம் சார்" என்றார்.

"நான் அண்ணன் எடம்னு நெனச்சேன்" என்றார் மற்றவர்.

பஸ்ஸில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. யாராவது என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் மேனேஜர் சொன்னதைச் செய்தார். மைதானத்தில் பெட்டி அடுக்க அந்த அணியையே அனுப்பினார். மேற்பார்வைக்கு என்னை அனுப்பினார். முற்றத்திலிருந்து கோல் கம்பம் வரை வரிசை நீண்டது. நடுவில் ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனார். யாரும் எதுவும் சொல்லவில்லை. கரிக்காரர் இந்தப் பக்கம் ஓரடி, மற்ற பேக் அந்தப் பக்கம் ஓரடி நகர்ந்தார்கள். இடைவெளி மறைந்தது. பெட்டி ஒன்றுகூட நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, இப்ப நவுந்தீங்களே! இத அன்னைக்குச் செஞ்சிருந்தா இந்தக் கிரவுண்டு நம்மகிட்ட இருந்திருக்குமே!"

அவர் பெட்டியை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"இப்ப ஆளு கொறஞ்சுது, நவுந்தோம். அன்னைக்கு யாரு சார் கொறஞ்சா? எல்லாருந்தான நின்னோம்?"

அடுத்த பெட்டி வந்துகொண்டிருந்தது.

"செத்த தள்ளி நில்லுங்க சார், கால்ல வுழுந்துடும்" என்றார்.

தள்ளி நின்றேன். சுண்ணாம்புக் கோட்டின் மேல் முதல் அடுக்கை அவர்கள் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அதற்கும் வெளியே, கத்திக் கத்திப் பழகிய அதே இடத்தில் நின்று, வேலை முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.