உன் வெளிச்சம் தெரியுது

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. ஐம்பத்து மூன்று வயதாகிறது. மரம் அறுக்கும் ஆலையில் கிரேன் ஓட்டுகிறேன். முப்பது வருடமாக மோட்டார் சைக்கிள். எனக்குப் பயம் என்றால் அது மான்தான்.

சிரிக்காதீர்கள். காரில் போகிறவன் மான் மீது மோதினால் பம்பர் போகும். எங்களுக்கு உயிரே போகும். அதிலும் எங்கள் ஸ்மோலாண்ட் மாகாணத்துக் காட்டு ரோட்டில் ஜூன் மாதம் ரொம்ப மோசம். புதுக் குட்டி பிறந்ததும் தாய் மான் போன வருடக் குட்டியைத் துரத்திவிடும். போக்கிடம் தெரியாத அந்த இளசுகள் ரோட்டோரமாக வந்து நிற்கும். நிற்கிறதே என்று நினைப்போம், கடைசி நொடியில் குறுக்கே பாயும்.

அன்று புதன்கிழமை. புதன்தோறும் ஏரிக்கரை வாஃபிள் கடையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் நாங்கள் கூடுவோம். திரும்பும்போது என்னோடு தோர்பியோன் வந்தான். ஆலையில் என்னோடு வேலை செய்பவன், வாய் ஓயாதவன். என் பிறந்தநாளுக்கு அவன்தான் ஹெல்மெட்டில் மாட்டும் இன்டர்காம் ஒன்றை வாங்கித் தந்திருந்தான். அன்றுதான் அதை முதல் முறை மாட்டியிருந்தேன். இருவரும் வண்டி ஓட்டிக்கொண்டே காதுக்குள் பேசிக்கொள்ளலாம்.

"இனிமே உனக்குக் கத்திக் கூப்பிட்டா கேக்காது, உல்ரிகா. வயசாச்சு. அதான் காதுக்குள்ளயே வந்துட்டேன்" என்றான்.

"உன் வாயை நிறுத்த இதுல பட்டன் இருக்கா?"

சர்ச் முக்கில் அவன் வீட்டுப் பக்கம் திரும்பினான். கையை ஆட்டிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் காதில் 'டொங்' என்று ஒரு சத்தம். தொடர்பு அறுந்துவிட்டது.

மணி பத்தே முக்கால். ஜூன் மாதத்தில் எங்கள் ஊரில் முழுசாக இருட்டாது. மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. ஆனால் கீழே, மரங்களுக்கு நடுவில், ரோடு கறுத்துப் போயிருந்தது. சதுப்பு நிலத்திலிருந்து பனிமூட்டம் எழும்பி ரோட்டில் தவழ்ந்தது. முழங்காலில் குளிர் ஏறியது.

"மெதுவா."

காதுக்குள் குரல். தோர்பியோன்தான் என்று நினைத்தேன்.

"இன்னும் லைன்லயா இருக்கே?"

"எண்பதுல போகாதே. இடது பக்கம் பாரு."

எதற்கும் இருக்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தேன். இடது பக்கப் புல்லிலிருந்து ஒரு மான் பாய்ந்தது. பிரேக்கை அழுத்தினேன். மான் குறுக்கே ஓடிக் காட்டுக்குள் மறைந்தது. வண்டியை மறுபடி முறுக்கப் போனேன்.

"நில்லு. ஒண்ணு போனா இன்னொண்ணு வரும்."

நின்றேன். வந்தது. என் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளித் தாண்டிப் போனது.

"உனக்குப் புண்ணியமாப் போகும், தோர்பியோன்" என்றேன்.

"எத்தனை தடவை சொன்னாலும் நீ கேக்க மாட்டே."

அது தோர்பியோன் குரல் இல்லை. வயதான குரல். மூச்சு வாங்கியது. தோர்பியோன் என்றால் இதற்குள் நாலு கிண்டல் செய்திருப்பான்.

"யார் பேசறது?"

இரைச்சல்... பிறகு ஒரு முனகல்.

"பள்ளத்துல கிடக்கேன். மான் மேல மோதிட்டேன். கால் அசையல."

யாரோ வண்டிக்காரர் விழுந்து கிடக்கிறார்! அவர் கருவி எப்படியோ என்னுடையதில் கலந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். அப்போது பயமே இல்லை, பதற்றம்தான்.

"எங்க இருக்கீங்க? ஏதாவது அடையாளம் சொல்லுங்க!"

"உன் வெளிச்சம் தெரியுது."

இரு பக்கமும் பார்த்துக்கொண்டே மெல்லப் போனேன். விழுந்த வண்டி இல்லை. ரோட்டில் டயர் தேய்ந்த தடம்கூட இல்லை.

"தாண்டிப் போயிட்டே..."

வண்டியை நிறுத்தி அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும் என்றார்கள். இங்கே அப்படித்தான், ஊருக்கும் ஊருக்கும் நடுவில் காடுதான். வண்டியைத் திருப்பினேன்.

"வருது... வெளிச்சம் வருது... கிட்ட வந்துட்டே..."

"சொல்லுங்க! எந்தப் பக்கம்?"

"...தாண்டிட்டே."

அழுகை வந்துவிட்டது எனக்கு. மூன்றாவது முறை நடக்கிற வேகத்தில் வந்தேன். இந்த இடம்தான் என்று தோன்றிய இடத்தில் எஞ்சினை அணைத்தேன்.

அமைதி.

ஹெல்மெட்டைக் கழற்றினால் அவர் இல்லை. வெறும் காடு. மாட்டிக்கொண்டால் காதுக்குள் மூச்சு.

ஒரு மூச்சு இல்லை.

இரண்டு மூச்சு.

"மானும் இன்னும் சாகல. என்னையே பாக்குது" என்றது குரல்.

ஹெல்மெட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"உன் பூட்ஸ் சத்தம் கேக்குது."

நான் நடக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"கத்தாதே ஈவோன். கேக்குது. நல்லாக் கேக்குது."

நான் கத்தவில்லை.

என் பெயர் ஈவோனும் இல்லை.

"இங்கதான் இருக்கேன்... இங்கதான்..."

"எங்க?" என்றேன்.

"ஏன் திரும்பிப் போறே?"

நான் அசையவில்லை.

"ஈவோன்... போகாதே..."

'டொங்.'

அவ்வளவுதான்.

பள்ளத்தில் இறங்கினேன். இடுப்பளவு புதரில் விழுந்து எழுந்து தேடினேன். "குரல் கொடுங்க, குரல் கொடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு மனிதர் பக்கத்தில் எங்கேயோ செத்துக்கொண்டிருக்கிறார். என்னால் ஒரு புல்லைக்கூடப் பிடுங்க முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. போலீஸ் வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி, மான் அடிபட்டது என்றதும் காயம்பட்ட மானைத் தேடிப் பிடிக்கும் வேட்டைக்காரரும் நாயோடு வந்தார். பெரிய டார்ச் அடித்துத் தேடினார்கள். வெப்பத்தைக் காட்டும் கேமராவாலும் பார்த்தார்கள். மனிதனும் இல்லை, மானும் இல்லை.

போலீஸ்காரப் பெண் மூச்சுக் கருவியை நீட்டினாள். "ஊதுங்க."

ஊதினேன். பூஜ்யம்.

"மீட்டிங்ல என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு வாஃபிள்."

"ஜாம் வச்சா?" என்று கேட்டு லேசாகச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அப்போது நாய் இழுத்தது. பள்ளத்தைத் தாண்டி ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. குரைக்கவில்லை. அங்கே ஒன்றுமில்லை. பக்கத்துப் பைன் மரத்தில் மட்டும் ஒரு நாடா கட்டியிருந்தது. விபத்து நடந்த இடத்துக்கு அடையாளமாகக் கட்டுவார்களே, அந்த நாடா. வெயிலில் வெளுத்து நைந்து போயிருந்தது.

வேட்டைக்காரர் அதைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. நாயைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது, அது எழுந்திருக்கவே இல்லை.

"வீட்டுக்குப் போங்க" என்றார் என்னிடம்.

மறுநாள் ஆலையில் தோர்பியோனிடம் சொன்னேன். முதலில் கிண்டல் செய்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அது எப்படி? ஜோடி சேர்க்காத கருவி உன் காதுல பேசவே பேசாது, உல்ரிகா. நான் என்னோடதை மட்டும்தான் சேர்த்தேன்."

"எனக்கு முன்னாடி அதை யார் வச்சிருந்தா?"

அவன் தலையைச் சொறிந்தான். "புதுசுன்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்கோ. பழசுதான், விளம்பரம் பார்த்து வாங்கினேன். நெஷ்ஷோ ஊர்ல ஒரு அம்மா. ஈவோன்னு பேரு."

அந்த அம்மாவின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் போனையே தொடவில்லை. மூன்றாம் நாள் மனசு கேட்காமல் ஈவோனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வாய் வரவில்லை. இதோட ஜோடியும் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வைத்தேன்.

"அது சில்லு சில்லாப் போச்சும்மா. மோதினப்பவே" என்றார் அந்த அம்மா. பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. லெனார்ட், என் வீட்டுக்காரர். ரெண்டு பேரும் ரெண்டு வண்டியில வந்துக்கிட்டு இருந்தோம். அவர் வழியெல்லாம் காதுக்குள்ள நச்சரிப்பார். மெதுவாப் போ, இடது பக்கம் பாரு, ஒண்ணு போனா இன்னொண்ணு வரும்... எரிச்சல் தாங்காம என்னோடதை அணைச்சுட்டேன். முன்னாடி வேகமா வந்துட்டேன்."

அன்று என் காதில் கேட்ட அதே வார்த்தைகள்.

"வீட்டுக்கு வந்து பார்த்தா ஆளைக் காணோம். திரும்பப் போனேன். அந்த ரோட்டுல மூணு தடவை போய் வந்தேன். கடைசித் தடவை வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழட்டி, ரோட்டோரமா நடந்து நடந்து பேரைச் சொல்லிக் கத்தினேன். பதிலே இல்ல. வேற வழியாப் போயிருப்பாருன்னு திரும்பிட்டேன். காலையில ஒரு லாரிக்காரர் ரோட்டோரம் மான் ரத்தத்தைப் பார்த்துட்டுச் சொன்னாரு. மானைத் தேடிப் போன நாய்தான் இவரைக் கண்டுபிடிச்சுது. ஒரு பாறைக்குப் பின்னால, மானோட சேர்ந்து கிடந்தாரு."

கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஆனா டாக்டர் சொன்னாரு, மோதின அந்த நிமிஷமே நினைவு போயிருக்கும், அவருக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காதுன்னு. அது ஒண்ணை வச்சுத்தான்மா நான் ராத்திரி தூங்கறேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் அங்க வந்து கத்தினதுகூட அவருக்குக் கேட்டிருக்காது. இல்லையாம்மா?"

"ஆமாங்க" என்றேன். "கேட்டிருக்காது."