சுக்கு மண்டியின் லத்தீன் டீச்சர்

கிரேசி டீச்சர் மறைந்த செய்தி சாலைக் கடைத்தெருவுக்கு வந்தபோது நான் சுக்கு எடைபோட்டுக்கொண்டிருந்தேன். இங்கே மண்டிக்காரர் ஒருவர் இறந்தால், அடக்கம் முடியும்வரை தெருவில் எல்லாரும் பாதிப் பலகை போட்டுக் கடையை அரைவாசி அடைப்பது வழக்கம். டீச்சருக்கும் அப்படிச் செய்யலாமா என்று வியாபாரிகள் சங்கச் செயலாளரிடம் போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, அவங்க வாத்தியாரம்மால்லா? யாவாரியா?" என்றார்.

இதை வாசிக்கிறவர்களில் அவரிடம் படித்தவர்கள் உண்டு. நான் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எழுபதுகளில், ஆள் சேரவில்லை என்று அவருடைய கல்லூரியில் லத்தீன் வகுப்பை மூடினார்கள். மிச்சமிருந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சுக்கு வாங்கிய பழக்கத்தில் நேராக என் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, மாடி ரூம் சும்மாதானே கெடக்கு?" சும்மா கிடக்கவில்லை; சீசனில் சுக்கு மூட்டை அடுக்குகிற அறை அது. ஆனால் அதற்குள் பிள்ளைகள் படியேறிவிட்டார்கள்.

முதல் பாடமே என் சரக்குதான். இஞ்சியின் தாவரப் பெயரில் 'ஒஃபிசினாலே' என்று ஓர் அடைமொழி இருக்கிறதாம். 'ஒஃபிசினா' என்றால் பட்டறை; பின்னாளில் மடங்களில் மருந்துச் சரக்கு வைத்த அறைக்கும் அதுவே பெயர். அங்கே இடம்பிடித்த செடிகளுக்கு அந்த அடைமொழி ஒட்டிக்கொண்டது. ஆண்பால், பெண்பால் பெயர்களோடு வந்தால் 'ஒஃபிசினாலிஸ்'. இரண்டும் அல்லாததோடு வந்தால் 'ஒஃபிசினாலே'.

"இஞ்சிக்கு ஆம்பள பொம்பள பாத்தவனுக்கு வேற சோலி இல்லையா டீச்சர்?" என்றேன்.

"நீங்க சுக்குல கல்லு மண்ணு பாக்கலியா? அது மாதிரிதான்."

ஒருநாள் ஒரு தரகர் மாடிப்படியில் நின்று, "செத்த பாஷைக்கு இங்கதான் காரியம் நடக்குதா?" என்று கேலி செய்தார். டீச்சர் எட்டிப் பார்த்தார். "சுக்கும் செத்த இஞ்சிதான். அதுக்கு மட்டும் வெல பேசுதீங்க?" சுமைக்காரர்கள் சிரித்த சிரிப்பில் தரகர் வந்த காரியத்தைச் சொல்லாமலே போனார்.

செயலாளருக்கு நான் சொன்னது இதுதான்: "இந்தத் தெருவுல அவங்களவிட யாரு சரக்க மதிச்சா? நீங்க போடாட்டி போங்க, எங் கடைக்கு நான் பலகை போடுதேன்." போட்டேன். எதிர்க்கடைக்காரரும் போட்டார். மற்றவர்கள் போடவில்லை. நான் யாரையும் கெஞ்சவுமில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, யாரிடமும் அனுமதி கேட்காத அந்தத் துணிச்சலைத்தான். அவர் மாணவி ஒருவர் மாடியில் வகுப்பைத் தொடர்கிறார். "சீசன் வருது, ரூமைக் காலி பண்ணச் சொல்லுங்கப்பா" என்கிறான் மகன். சொல்லப் போவதில்லை. வெளியே அடுக்கும் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் வாங்கிவிட்டேன்.