கன்ஜங்ஷனுங்க

பிழைப்புக்காக ஒருத்தி தன் பேச்சிலிருந்து மரியாதையைக் களைந்துகொள்ள வேண்டுமா? பீளமேட்டில் என்னோடு அறையைப் பகிர்ந்திருந்த தோழி, மாதிரி வகுப்பு எடுத்துவிட்டுத் திரும்பிய மாலையில் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது.

அவள் உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். இருவரும் ஆங்கில இலக்கியம் படித்து முடித்திருந்தோம். காந்திபுரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் இலக்கண ஆசிரியை வேலை கிடைத்தால், வீட்டில் தொடங்கியிருந்த கல்யாணப் பேச்சை ஓராண்டு தள்ளிப்போட அவள் அப்பா ஒப்புக்கொண்டிருந்தார்.

பலகையில் எழுதிய வாக்கியத்தில் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் அவள் பிழையின்றிப் பிரித்துக் காட்டியிருக்கிறாள். இணைப்புச்சொல்லுக்கு வந்தபோது, "பிகாஸ் ஈஸ் எ கன்ஜங்ஷனுங்க" என்றிருக்கிறாள். பின்வரிசை சிரித்திருக்கிறது. நிர்வாகி கடிந்துகொள்ளவில்லை, அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"'அந்த ங்க இல்லாம வாங்க'ன்னாருங்க. அவரு சொன்னதுலயே ஒண்ணு இருக்குதுங்களே" என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு அவள் முகம் வாடியது. "நீங்களே பழக்கி உடுங்க அம்மணி. இதுக்காக ஊட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேனுங்க."

தயங்கினேன். மறுத்தால் அவள் இழப்பது ஓராண்டு. ஒப்புக்கொண்டால் இழப்பது எதுவென்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

கடைசியில் ஒப்புக்கொண்டேன். டவுன் பஸ் ஜன்னல் வழியே தெரியும் ஆங்கில விளம்பரங்களை அவள் வாசிப்பாள். நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ் என்று ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொல்வாள். "ங்க" ஒட்டிக்கொண்டால், இறங்கியதும் டீ அவள் வாங்கித் தர வேண்டும். முதல் சில நாட்கள் எனக்கு டீக்குக் குறைவில்லை. வாரம் முடிவதற்குள் அது நின்றுபோனது.

வேலை கிடைத்தது. பிறகு சென்னைக் கிளைக்கு மாற்றினார்கள், விருப்பத்தோடு போனாள். அவ்வப்போது ஃபோனில் பேசுகிறாள். குரலில் தெம்பு கூடியிருக்கிறது. கல்யாணத்தை அவள் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்களாம். "சொல்லு, சாப்டியா?" என்கிறாள். அன்பு குறையவில்லை என்று அறிவேன். இருந்தும், நெரிசலான பஸ்ஸில் பின்னால் எந்தப் பெண்ணாவது "ஏனுங்க" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மில் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்கு இலக்கணம் சொல்லித் தருகிறேன். விடை சரியாக இருந்தால், அதோடு ஒட்டி வரும் "ங்க"வை இப்போது நான் திருத்துவதில்லை.