அண்ணன் போடாத கையெழுத்து

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நல்ல சொற்களாக மட்டும் எழுதும்படி உறவினர்கள் கேட்டுக்கொண்டார்கள். என்னால் முடியவில்லை.

அவர் பிறந்தது திண்டுக்கல்லில். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. டியூஷன் எடுத்துத் தாமும் படித்து, என்னையும் படிக்க வைத்தார். வேலை கிடைத்து நியூ ஜெர்சிக்கு வந்தவர், பின்னர் என் குடும்பத்தையும் தம் தெருவுக்கே அழைத்துக்கொண்டார்.

அண்ணனின் பக்கத்து வீட்டுக்கு ஒரு ரெபே குடிவந்தார். யூதப் பிள்ளைகளுக்கு மறை கற்பிக்கும் ஆசிரியரை இட்டிஷ் மொழியில் அப்படித்தான் அழைப்பார்கள். மாலையில் எட்டுப் பிள்ளைகள் அவர் வீட்டில் படித்தார்கள். அவ்வளவுதான். அதை நிறுத்தச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதியவர்கள் அதே தெருவிலிருந்த நம் தமிழ்க் குடும்பத்தினர்.

கையெழுத்து வாங்க வந்த நண்பர், "டிராஃபிக் ஜாஸ்தியாகுது அண்ணா. இப்படியே விட்டா தெரு பூரா அவங்க ஆளுங்களா ஆயிடும்," என்றார்.

"உங்க பேஸ்மென்ட்ல சண்டே பாட்டு கிளாஸ் நடக்குதே, அந்தக் காரெல்லாம் எங்க நிக்குது?" என்று கேட்டார் அண்ணன். "நான் போட மாட்டேன்."

அதன்பின் அவருக்குக் கொலு அழைப்பு இல்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள். "ரெபே வர்றாரு" என்று அண்ணனையே கேலி பேசினார்கள். நகராட்சி விசாரணையில் மனுதாரர் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. ரெபே வீட்டு வகுப்பு நின்றது. அன்று மாலையே மனுதாரர் ஒருவர் வீட்டில் பிரியாணி விருந்து.

அண்ணனுக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது உடன் போக முடியாததற்கு நாங்கள் வேலையைக் காரணம் சொன்னோம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்றவர் அந்த ரெபே. ஒரு நாள் அவரிடம் போய், மனுவில் நானும் கையெழுத்திட்டேன் என்றேன்.

"தெரியும். பெயர் வாசிக்கும்போது அங்கேதான் இருந்தேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "நாளைக்கு ஆறு மணிக்கு அவரைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்."

இறுதிச் சடங்கில் மனு எழுதியவர்களில் ஒருவரே மைக் பிடித்து, "எல்லா மதத்தையும் மதிச்ச மனுஷர்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிற மதச் சடங்கு நடக்கும் இடத்துக்குள் வர ரெபேயின் மத நியமம் இடந்தரவில்லை. குளிரில், கார் நிறுத்துமிடத்தில், முடியும்வரை நின்றார். "உள்ள வர மாட்டாராம், பாத்தீங்களா," என்றார் நம் உறவினர் ஒருவர்.

டயாலிசிஸ் செவிலியர்களுக்கும், கடைசி வாரங்களில் ரசம் வைத்துக் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு ஆன்ட்டிக்கும், ரெபே குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. மனுவில் கையெழுத்திட்டவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வகுப்பை மீண்டும் நடத்த அனுமதி கேட்டு நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இம்மலர் வழங்கும் மேசையிலேயே இருக்கிறது. முதல் கையெழுத்து போட்டுவிட்டேன். கீழே இடம் இருக்கிறது.