அடிபம்பில் ஒரு பெயர்

எழுபதுகளின் இறுதியில், ஆண்டுக்கொரு முறை தோல் வாங்க ஆம்பூர் வந்த வெளிநாட்டு யூதர் ஒருவருக்கு, ஆங்கில ஆசிரியனான நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். உயரமானவர், சற்றே கூனல். எந்தத் தோலையும் மடித்துக் காதருகே வைத்து அதன் ஓசையைக் கேட்ட பிறகே விலை பேசுவார்.

அவருடைய மகளும் பள்ளித் தோழர்களும் கைக்காசைச் சேர்த்து, யாருக்குக் கொடுப்பதென்று கூடி விவாதித்து முடிவு செய்வார்களாம். ஓராண்டு, இங்குள்ள தொழிலாளர் தெருவுக்கு ஓர் அடிபம்பு என்று முடிவாயிற்று. அதில் எவர் பெயரும் இருக்கக்கூடாதென்பது அவர்கள் விதி. இப்படிக் கொடுக்கும் தர்மத்தைத் தம் மொழியில் 'செதாக்கா' என்றார்.

"இன்னா சார், இது நம்ம சதக்கா தானே! தொர நம்மாளு போலிருக்கு," என்று சிரித்தார் தோல் கிடங்கின் மேஸ்திரி பாய்.

அவ்வாண்டுதான் என் மகன் இறந்திருந்தான். செலவில் பாதியை ஏற்கிறேன், அவன் பெயரைப் பொறிக்கலாமா என்று கேட்டேன்.

"முடிவு பிள்ளைகளுடையது. கேட்டுச் சொல்கிறேன்."

மறு ஆண்டு, தோலைத் தொடுமுன் என்னிடம் வந்தார்.

"இரண்டு மாலைகள் உங்கள் மகனைப் பற்றியே பேசினார்கள். ஒரு பெயருக்கு இடம் கொடுத்தால் விதி போய்விடும் என்று கடைசியில் மறுத்துவிட்டார்கள். என் மகள் அழுதாள்."

நான் தலையசைத்தேன். அவர் நகரவில்லை.

"அவன் எப்படிச் சிரிப்பான் என்று அவர்கள் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்."

என் வீட்டில் அவன் பேச்சையே நிறுத்தியிருந்தோம். அன்று அந்த அயலாரிடம் சொல்லத் தொடங்கினேன்.